செருப்புத் தைப்போர் தந்த தீர்ப்பு

படிக்கட்டின் வழியே ஒரு மனிதரை இழுத்து வருகிறார்கள். ஒருபுறம் போலீசார், மறுபுறம் சபையின் ஏவலர்கள். இழுக்கப்படுபவரோ எளிதில் அசைக்கக்கூடிய ஆளல்ல. நெடிய உருவம், அகன்ற மார்பு, முன்பு குதிரைப் படையில் பணிபுரிந்த உடல். அவர் எவரையும் அடிக்கவில்லை. ஆனால் இடத்தை விட்டு நகரவும் மறுக்கிறார். தள்ளுகிறார்கள், பிடித்து இழுக்கிறார்கள், கோட்டு கிழிகிறது. மூச்சு இரைக்க, முகம் வெளுக்க, முற்றத்திலே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

யார் அவர்? கள்வனா? கலகக்காரனா? வெடிகுண்டு வைக்க வந்தவனா? அல்ல, அல்ல! எந்தச் சபையிலிருந்து வெளியே தள்ளினார்களோ, அந்தச் சபைக்கே மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்!

நாள் 1881 ஆகஸ்ட் 3. இடம் இலண்டன் மாநகர், காமன்ஸ் சபை. 'பாராளுமன்றங்களின் தாய்' என்று பெருமை பேசப்படும் இடம். அந்த மனிதர் சார்லஸ் பிராட்லா. அவர் செய்த குற்றம் ஒன்றே ஒன்று. கடவுள் உண்டு என்பதை ஏற்க இயலவில்லை என்று நாடறியச் சொன்னார்.

பகுத்தறிவுப் பாசறையில் பிராட்லாவின் பெயரைக் கேளாதார் குறைவு. ஆயின், அவரை அந்தச் சபைக்கு அனுப்பிய ஊரைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. விரட்டி அடிக்கப்பட்டவரை மீண்டும், மீண்டும், மீண்டும் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஓர் ஊர் உண்டே, அந்த ஊரைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். ஓர் ஆசிரியன் என்ற முறையில் தேர்தல் பணிக்குச் சென்று, வாக்குச் சாவடியில் நாள் முழுதும் அமர்ந்து, வரிசையில் வரும் விரல்களுக்கு மை வைத்தவன் நான். அந்த விரல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நார்தாம்ப்டன் நினைவுக்கு வருவதுண்டு.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள ஊர் அது. அரண்மனையால் பெயர் பெற்றதன்று, ஆலயத்தால் பெயர் பெற்றதன்று. செருப்பாலும் பூட்சாலும் பெயர் பெற்றது. வீட்டுக்கு வீடு தோலும், ஊசியும், மெழுகு நூலும். செருப்புத் தைப்பவன் தொட்டால் தீட்டு என்று சொல்லி, அவனைச் சேரிக்கு வெளியேயும் ஒரு சேரியில் வைத்த நாடு நம் நாடு. அங்கேயோ, அந்தத் தொழிலாளி பட்டறையில் குனிந்து தைத்துக்கொண்டே அரசியல் பேசினான். ஒருவன் பத்திரிகையைப் படிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே வேலை செய்வது அந்தத் தொழிலில் பழைய பழக்கம். 1867ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் நகரத் தொழிலாளியின் கைக்கு வாக்குரிமை தந்தது. 1872ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வாக்கை இரகசியமாக்கியது. பெண்களுக்கு மட்டும் அப்போதும் வாக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஊருக்கு 1868இல் பிராட்லா வாக்குக் கேட்டு வந்தார், தோற்றார். 1874இல் பொதுத்தேர்தலிலும், அதே ஆண்டு நடந்த இடைத்தேர்தலிலும் நின்றார், இரண்டிலும் தோற்றார். அந்த இடைத்தேர்தல் முடிவு வெளிவந்த இரவு, அவருடைய ஆதரவாளர்கள் ஆத்திரத்தில் கல்லெறிந்து கலகம் செய்ததால் படை வரவழைக்கப்பட்டது. நம்மவர்கள் செய்தார்கள் என்பதற்காக அதை நான் மறைக்கப் போவதில்லை.

இவ்வளவு பிடிவாதமாக அந்த ஊரை நாடி வந்தவர் பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளை அல்லர். 1833இல், இலண்டனில், வழக்கறிஞரிடம் எழுத்தராய் இருந்த ஏழை ஒருவரின் மகனாகப் பிறந்தவர். ஞாயிற்றுக்கிழமை வேதப் பள்ளியில் சிறுவர்களுக்குப் பாடம் சொன்னவர். பைபிளுக்கும் திருச்சபையின் கோட்பாடுகளுக்கும் முரண்பாடு தெரிகிறதே, விளக்கம் தேவை என்று பாதிரியாரிடம் கேட்டார். விளக்கம் வரவில்லை; 'நாத்திகன்' என்ற பட்டம் வந்தது! அதுவரை அவர் நாத்திகரும் அல்லர். பதினைந்து, பதினாறு வயதிலேயே வீட்டை விட்டு வெளியேறினார், பட்டினி கிடந்தார், படையிலே சேர்ந்தார், அயர்லாந்தில் பணிபுரிந்தார், திரும்பி வந்து எழுத்தராகி, பேச்சாளராகி, 1866இல் தேசிய இலௌகிக சங்கத்தை அமைத்தார். 1877இல், குடும்பக் கட்டுப்பாட்டை விளக்கும் சிறு நூலை அன்னி பெசன்டு அம்மையாருடன் சேர்ந்து வெளியிட்டு, இருவரும் குற்றவாளிக் கூண்டில் நின்றனர். (ஆம், பிற்காலத்தில் நம் அடையாறு வந்து பிரம்மஞானம் பேசிய அதே பெசன்டு அம்மையார்தான்! அவருடைய கதை தனிக் கதை.)

இத்தகைய மனிதரை 1880 பொதுத்தேர்தலில் நார்தாம்ப்டன் தேர்ந்தெடுத்தது. இரட்டை உறுப்பினர் தொகுதி அது. லிபரல் கட்சியின் ஹென்றி லபூஷேர் 4,158 வாக்கும், பிராட்லா 3,827 வாக்கும் பெற்றனர். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும் தோழர்களே: இந்த 3,827 பேரும் நாத்திகர்களா? இல்லவே இல்லை! ஞாயிறு தவறாமல் சிற்றாலயம் செல்வோர் அவர்களிலே ஏராளம். அரசாங்கத் திருச்சபையின் ஆதிக்கத்தை வெறுத்த மாற்றுச் சபைக் கிறித்தவர்கள் பலர். அவர்கள் பிராட்லாவின் நாத்திகத்துக்கு வாக்களிக்கவில்லை. ஏழைக்காகப் பேசும் நாவுக்கு வாக்களித்தனர். ஆண்டவனைத் தொழுத கை, ஆண்டவன் இல்லை என்பவனுக்கு வாக்களித்தது! இதை இலண்டன் சீமான்களால் செரிக்க முடியவில்லை.

1880 மே 3ஆம் நாள், பிராட்லா சபைக்கு வந்தார். உறுப்பினராக அமர வேண்டுமானால், 'ஆண்டவன் எனக்குத் துணை நிற்பானாக' என்று முடியும் பிரமாணத்தைச் சொல்ல வேண்டும். பிராட்லா, அதற்கு மாற்றாக உறுதிமொழி கூற அனுமதி கேட்டார். குவேக்கர்களுக்கு அந்த உரிமை இருந்தது. நீதிமன்றச் சாட்சிக் கூண்டில், நம்பிக்கையற்றோருக்கும் 1869, 1870ஆம் ஆண்டுச் சட்டங்கள் அந்த உரிமையைத் தந்திருந்தன. ஆராயக் குழு அமைத்தனர். வாக்குகள் சமமாகப் பிரிய, தலைவரின் ஒரு வாக்கால் உரிமை மறுக்கப்பட்டது.

சரி, உறுதிமொழி கூடாது என்றால் பிரமாணமே செய்கிறேன். அதில் சில சொற்கள் எனக்குப் பொருளற்றவை, ஆயினும் அந்தப் பிரமாணம் என்னைக் கட்டுப்படுத்தும் என்று பிராட்லா அறிக்கை விட்டார். உடனே பாய்ந்தனர்! நம்பாதவன் பிரமாணம் செய்வது தெய்வ நிந்தனை அல்லவா என்றனர். உறுதிமொழி கூற வந்தால், 'பிரமாணம் செய்' என்பார்கள். பிரமாணம் செய்ய வந்தால், 'நீ செய்யக் கூடாது' என்பார்கள். இரு கதவும் அடைப்பு! வாதாடச் சபைக்குள் வந்தவரை, வெளியேற மறுத்தார் என்று ஓர் இரவு மணிக்கூண்டிலே சிறை வைத்தனர்.

என் வகுப்பில் இக்கதையைச் சொன்னபோது, பின் வரிசையில் இருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, கடவுள் இல்லை என்று சொன்னவர், கடவுள் பெயரால் சத்தியம் செய்ய ஏன் ஒப்புக்கொண்டார்? அது தவறல்லவா?" என்று கேட்டான். அன்று என்னிடம் நல்ல விடை இல்லை. பிராட்லாவின் தோழர்களிலேயே பலர் அதே கேள்வியை அவரிடம் கேட்டு வருந்தினர். கொள்கையில் உறுதி காட்டி, 'ஒருபோதும் ஆண்டவன் பெயரைச் சொல்லேன்' என்று நின்றிருந்தால், வரலாற்றிலே அவர் உருவம் இன்னும் உயர்ந்து தோன்றியிருக்கும் என்பதே என் எண்ணமும். ஆனால் பட்டறையில் குனிந்திருந்த அந்தச் செருப்புத் தொழிலாளிக்கு அதனால் என்ன கிடைத்திருக்கும்? அவன் அனுப்பிய ஆள், வாசலிலே நின்று வீர உரை ஆற்றிவிட்டு வீடு திரும்பியிருப்பார். பிராட்லா தன் பெருமையைக் காட்டிலும் தன் தொகுதியின் நாற்காலியைப் பெரிதாக நினைத்தார். அது சரியென்று முழு மனத்துடன் சொல்ல எனக்கு இன்றும் தயக்கம் உண்டு; சிறுமை என்று சொல்லவோ மனம் வரவில்லை.

1880 ஜூலையில் பிரதமர் கிளாட்ஸ்டன் ஒரு வழி கண்டார். சட்டத்தின் விளைவை அவரவரே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையுடன், விரும்புவோர் உறுதிமொழி கூறலாம் என்ற தீர்மானம், 249க்கு எதிராக 303 வாக்குகளால் நிறைவேறியது. பிராட்லா உறுதிமொழி கூறி அமர்ந்தார், வாக்களித்தார். அன்றே வழக்குப் போட்டனர்! முறைப்படி பிரமாணம் செய்யாதவர் சபையில் வாக்களித்தால், ஒவ்வொரு வாக்குக்கும் 500 பவுன் தண்டம். கிளார்க் என்ற பெயரில் வழக்கு, பின்னாலிருந்து பணம் கொடுத்தவர் நியூடிகேட் என்ற கன்சர்வேடிவ் உறுப்பினர். 1881 மார்ச்சில் நீதிமன்றம் பிராட்லாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிற்று. சட்டத்தின் வாசகம் என்ன தெரியுமா? அத்தகைய உறுப்பினர் இறந்துவிட்டால் இடம் எப்படிக் காலியாகுமோ அப்படியே காலியாகும் என்பது! கல்லென நின்ற மனிதரைச் சட்டம் பிணமாக்கிற்று; நார்தாம்ப்டனுக்கு இடைத்தேர்தல் வந்தது.

1881 ஏப்ரல் 9. எதிரே கன்சர்வேடிவ் கட்சியின் எட்வர்டு கார்பெட். மேடைதோறும் மதம் பேசப்பட்டது. பிராட்லாவுக்கு வாக்களிப்பது ஆண்டவனுக்கு எதிராக வாக்களிப்பதே என்று சொல்லாத இடமில்லை. முடிவு: பிராட்லா 3,437, கார்பெட் 3,305. வேறுபாடு 132 வாக்குகள். பொதுத்தேர்தலில் வாங்கியதைவிட 390 வாக்கு குறைவு. இதைக் காட்டி, 'ஊர் கைவிடத் தொடங்கிவிட்டது' என்று எதிரிகள் எக்களித்தனர். ஆனால் பொதுத்தேர்தலில் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு. லபூஷேருக்கு ஒன்று, பிராட்லாவுக்கு ஒன்று என்று போடலாம். இடைத்தேர்தலிலோ ஒரே வாக்கு, ஒரே கேள்வி: இவர் வேண்டுமா, வேண்டாமா? அந்தக் கேள்விக்கு 3,437 பேர் வேண்டும் என்றனர்.

வென்றவர் ஏப்ரல் 26இல் பிரமாணம் செய்ய வந்தார். 175க்கு எதிராக 208 வாக்குகளால் தடுத்தனர். இதற்குப் பிறகுதான் அந்த ஆகஸ்டு 3 நிகழ்ச்சி. அன்று முற்றத்தில் பெருங்கூட்டம் திரண்டிருந்தது. போதிய பலத்துடன் மீண்டும் வருவேன் என்று பிராட்லா போலீஸ் அதிகாரியிடம் சொல்ல, எப்போது என்று அவர் கேட்க, நான் கையை உயர்த்தினால் ஒரு நிமிடத்தில் என்று விடை வந்ததாகக் குறிப்பு இருக்கிறது. கையை அவர் உயர்த்தவில்லை. 1874இல் கல்லெறிந்து கெட்ட பெயர் வாங்கிய கூட்டத்தின் தலைவர், இம்முறை அமைதியாக இருங்கள் என்று சொல்லிவிட்டுக் கிழிந்த கோட்டுடன் வீடு சென்றார்.

1882 பிப்ரவரி 21. பிராட்லா திடீரென்று சபையின் மேசைக்கு நடந்தார். சட்டைப் பையிலிருந்து புதிய ஏற்பாட்டை எடுத்தார்; பிரமாணத்தைத் தாமே தமக்குச் செய்து வைத்துக்கொண்டு கையெழுத்திட்டார்! சபை திகைத்தது, கொதித்தது. மறுநாளே அவரை உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கியது. மீண்டும் இடைத்தேர்தல். மார்ச் 2ஆம் நாள் வாக்குப் பதிவு. மீண்டும் அதே கார்பெட். பிராட்லா 3,796, கார்பெட் 3,688. இம்முறை 108 வாக்கே வேறுபாடு. மயிரிழை வெற்றி என்று சிலர் சொல்லக்கூடும். நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். இந்த மனிதருக்கு வாக்களித்தால் அது வீண் வாக்கு, அவரை உள்ளே விடமாட்டார்கள் என்பது ஊரில் ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்தும், முன்பைவிட 359 பேர் கூடுதலாக வந்து வாக்களித்தனர். இலாபம் கருதி வாக்களிப்பவன் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்கமாட்டான்.

எதிர்த்தவர்கள் யாவரும் பக்தியால் எதிர்த்தனர் என்று எண்ணிவிட வேண்டாம். ராண்டால்ப் சர்ச்சில் போன்ற இளம் கன்சர்வேடிவ்களுக்கு, பிராட்லா ஒரு நல்ல தடி, கிளாட்ஸ்டனை அடிப்பதற்கு. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கிளாட்ஸ்டன் சபையிலேயே ஆழ்ந்த பக்தர்களில் ஒருவர். வேதனை ஒன்றும் உண்டு. அயர்லாந்தின் துயரை நேரில் கண்டு, அம்மக்களுக்காகப் பேசி, அவர்களை ஒடுக்கும் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர் பிராட்லா. அந்த அயர்லாந்து உறுப்பினர்களில் பலர், அவருக்கு எதிராகவே வாக்களித்தனர்! கத்தோலிக்கர் என்பதற்காக ஓகானலைப் பிரமாணத்தைக் காட்டித் தடுத்தது இதே சபை என்பதையும், 1828இல் கிளேர் தொகுதி இடைத்தேர்தல்தான் அந்தக் கதவை உடைத்தது என்பதையும் மறந்தனர். யூதர் ராத்சைல்டு 1847இல் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1858 வரை வாசலில் நிற்க வைக்கப்பட்டார். நேற்று வாசலில் நின்றவன் இன்று உள்ளே அமர்ந்துகொண்டு அடுத்தவனுக்குத் தாழிடுகிறான்!

1883இல், யாவரும் விரும்பினால் உறுதிமொழி கூறலாம் என்ற மசோதாவைக் கிளாட்ஸ்டன் கொண்டுவந்தார். ஏப்ரல் 26இல் அவர் ஆற்றிய உரை, பக்தர் ஒருவர் நாத்திகரின் உரிமைக்காகப் பேசிய உரைகளில் தலைசிறந்தது. தேவர்கள் எங்கோ தொலைவில் இருக்கிறார்கள், மனிதர் துயரைத் திரும்பியும் பாரார் என்று பாடிய ரோமப் புலவர் லுக்ரீஷியஸை எடுத்துக்காட்டி, அத்தகைய கடவுளை நம்புகிறேன் என்பவனைச் சபை ஏற்குமாம், இல்லை என்பவனை ஏற்காதாம், இந்த வேலியால் மதத்துக்கு என்ன காவல் என்ற கருத்துப்பட வாதித்தார். மசோதா தோற்றது. ஆதரவு 289, எதிர்ப்பு 292. மூன்றே வாக்கு!

அதே ஆண்டு நீதிமன்றத்தில் மட்டும் காற்று மாறி வீசியது. தண்டம் கேட்டு வழக்குப்போடக் கிளார்க்குக்கு உரிமையே இல்லை என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. கடனில் மூழ்கி இருந்த பிராட்லா தப்பினார். பின்னாலிருந்து பணம் கொடுத்த நியூடிகேட்டின் மீதே வழக்குப் போட்டு வென்றார்.

1884 பிப்ரவரியில் மீண்டும் தாமே பிரமாணம் செய்துகொண்டார், மீண்டும் தடுக்கப்பட்டார். இம்முறை அவரே பதவியைத் துறந்து, மக்களிடம் சென்றார். பிப்ரவரி 19இல் மூன்றாவது இடைத்தேர்தல். பிராட்லா 4,032; எதிர்த்த ரிச்சர்ட்ஸ் 3,664. வேறுபாடு 132 அல்ல, 108 அல்ல, 368! நான்காண்டு அவமதிப்பால் ஊர் தளரும் என்று எதிர்பார்த்தனர். ஊரோ இறுகிற்று. அந்த வாக்குகளில் எத்தனை, பிராட்லாவை விரும்பாதவர்களின் வாக்குகள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. இவர் கொள்கை எனக்குப் பிடிக்காது. ஆனால் என் ஊரின் வாக்கைக் குப்பையில் எறிய நீ யார் என்று கேட்டுப் போட்ட வாக்குகள் இல்லாமலா இந்த எண்ணிக்கை கூடியிருக்கும்?

அதற்கு முன்னூறு மைலுக்கு அப்பால் அல்ல, கடல்களுக்கு அப்பால், நம் சென்னையிலும் இந்தப் போர் கவனிக்கப்பட்டது. சென்னை இலௌகிக சங்கத்தார் 'தத்துவ விவேசினி' என்ற தமிழ் இதழை 1882 முதல் 1888 வரை நடத்தினர். இரண்டாம் இடைத்தேர்தல் நடந்த ஆண்டில் பிறந்த இதழ் அது. பகுத்தறிவு என்றால் ஏதோ நேற்று முளைத்த காளான் என்று ஏளனம் செய்வோர், அந்த இதழ்களைப் புரட்டிப் பார்க்கட்டும்.

முடிவு எப்படி வந்தது? பெரும் போராகவா? இல்லை, ஏறக்குறைய ஒன்றுமே நடவாதது போல் வந்தது. நம்பிக்கையற்றவர் பிரமாணம் செய்யச் சட்டம் இடந்தராது என்று 1885இல் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதே ஆண்டுப் பொதுத்தேர்தலில் நார்தாம்ப்டன் மீண்டும் அவரையே அனுப்பியது. 1886 ஜனவரி 13, புதிய சபை. சபாநாயகர் ஆர்தர் பீல், ஓர் உறுப்பினருக்கும் அவர் செய்யும் பிரமாணத்துக்கும் நடுவில் நுழைய எவருக்கும் உரிமை இல்லை என்று தடுப்போர் வாயை அடைத்துவிட்டார். பிராட்லா பிரமாணம் செய்தார், அமர்ந்தார். அவ்வளவுதான்! ஆறு ஆண்டு அலைக்கழிப்பு, மூன்று இடைத்தேர்தல், எண்ணற்ற வழக்கு, எல்லாம் சில நிமிடங்களில் கரைந்தன. இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்கத் தோன்றும்.

உள்ளே சென்றவர் மறக்கவில்லை. 1888இல், எல்லோருக்கும் உறுதிமொழி உரிமை தரும் பிரமாணச் சட்டத்தை நிறைவேற்ற வைத்தார். நம் அரசியல் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில், 'கடவுள் பெயரால்' என்பதற்கு இணையாக, உளமார உறுதி கூறும் வாசகமும் இருக்கிறதே, அந்த இரட்டை வழிக்குப் பின்னால் இப்படியொரு நெடுங்கதை உண்டு. 1889 டிசம்பரில் பம்பாய் காங்கிரசுக்கும் வந்து சென்றார். இந்தியாவுக்கான உறுப்பினர் என்றே சபையில் அவருக்குப் பெயர் விழுந்தது.

1891 ஜனவரியில் படுத்த படுக்கையானார். 27ஆம் நாள் காமன்ஸ் சபை கூடி, 1880இல் அவரைத் தடுத்து நிறைவேற்றிய தீர்மானத்தைத் தன் ஏடுகளிலிருந்து நீக்கிவிட முடிவு செய்தது. செய்தியை உணரும் நிலையில் அவர் இல்லை. 30ஆம் நாள் மறைந்தார். சடங்கு எதுவுமின்றி அவர் உடல் அடக்கம் செய்யப்பட்ட இடத்துக்கு, இலண்டனில் இருந்த இந்தியர் பலர் சென்றனர். சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தி என்ற இளைஞரும் சென்றார்.

நார்தாம்ப்டனில் அவருடைய இடம் காலியாயிற்று. இம்முறை உண்மையாகவே இறப்பால். பிப்ரவரியில் மற்றோர் இடைத்தேர்தல் நடந்தது. மான்ஃபீல்டு என்ற காலணித் தொழில் முதலாளி, லிபரல் கட்சிக்காக நின்று வென்றார். அவரை வாசலில் யாரும் தடுக்கவில்லை.